மேசைவிரிப்பு தைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுத்து வளைவு இல்லை, கை பொருத்தும் வேலை இல்லை, நான்கு பக்கமும் மடித்துத் தைத்தால் முடிந்தது என்ற எண்ணத்தோடுதான் புதிதாகத் தையல் பழகுவோர் பலரும் மேசைவிரிப்பைக் கையில் எடுக்கிறார்கள். சட்டையில் ஏற்படும் சிறு பிசகு உடலின் அசைவில் மறைந்துபோகும். மேசைவிரிப்போ நேரான விளிம்புகள் கொண்ட பலகையின் மீது அசையாமல் கிடப்பதால், அதே பிசகு அறைக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுகிறது. தையல் சொல்லித்தரும்போது திரும்பத் திரும்ப நான் காணும் தவறுகளில், நூல் அறுவது, ஊசி உடைவது போன்று தானாகவே திருந்திவிடுபவற்றை விட்டுவிட்டு, துணியையே வீணாக்குபவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மேசையை மட்டும் அளப்பது

மேசையின் நீள அகலத்தோடு, இரு பக்கமும் தொங்கும் அளவையும் இரு பக்கத்து மடிப்பையும் சேர்த்தாக வேண்டும். 150 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் உள்ள மேசைக்கு, தொங்கல் 25 செ.மீ., மடிப்புக்கு 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வெட்ட வேண்டிய துணி 208க்கு 148 செ.மீ. ஆகும். நாள்தோறும் அமர்ந்து உண்ணும் மேசைக்குத் தொங்கல் 20 முதல் 30 செ.மீ. வரை இருந்தால் போதும். அதைவிட நீண்டால் அமர்பவரின் மடியில் துணி குவியும்.

நனைக்காமல் வெட்டுவது

பருத்தியும் லினனும் சுருங்கும். நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினாலே 208 செ.மீ. துணியில் எட்டு செ.மீ.க்கு மேல் குறைந்துவிடும். எனவே கூடுதலாக வாங்கி, பின்னாளில் எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள்.

நூலோட்டம் பார்க்காமல் வெட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான். தைத்து முடிக்கும்வரை இது வெளியே தெரிவதில்லை. தெரியவந்த பிறகு விரிப்பைச் சிறிதாக்குவதைத் தவிர வேறு வழியும் இருப்பதில்லை.

நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடு நூலும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஆலையில் சாயமேற்றி, பதப்படுத்தி, இழுத்துக் காயவைத்துச் சுருளாகச் சுற்றும்போது ஊடு நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதும், நடுவில் வில்லைப் போல வளைந்துவிடுவதும் உண்டு. கஞ்சியின் விறைப்பு இருக்கும்வரை அந்தச் சாய்வு அப்படியே நிற்கும். துவைத்து விறைப்பு போனதும் நூல்கள் தம் இயல்பான நிலைக்குத் திரும்பத் தொடங்குகின்றன. விரிப்பின் ஒரு மூலை இறங்க, பக்கத்து மூலை ஏறிக்கொள்கிறது.

என்னிடம் பழகிய ஒருவர், எட்டுப் பேர் அமரும் மேசைக்காக விலை மிகுந்த லினன் வாங்கிவந்தார். கடையில் கத்தரித்த விளிம்பையே அடிக்கோடாக வைத்துக்கொண்டு, மூலைமட்டத்தால் கோடு போட்டு, இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாக இருக்கின்றன என்ற நிறைவோடு வெட்டினார். மூலைவிட்டங்கள் சமமானால் வெட்டு செவ்வகமாக இருக்கிறது என்பது மட்டுமே உறுதியாகும். உள்ளே ஓடும் நூலைப் பற்றி அந்த அளவு எதையும் சொல்லாது. முதல் சலவையிலேயே விரிப்பு முறுக்கிக்கொண்டது. மடிப்பைப் பிரித்து, நூலுக்கு நேராக மறுபடி வெட்டியபோது, பெரிய மேசைக்கென்று வாங்கிய துணி சிறிய மேசைக்கு மட்டுமே போதுமானதாயிற்று. அவ்வளவு நல்ல துணி அப்படிக் குறைந்துபோனதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். நெய்த கரையில், அதாவது துணியின் நீளவாக்கில் இரு ஓரத்திலும் நூல் பிரியாதபடி நெய்யப்பட்ட விளிம்பில், சிறிதாக ஒரு வெட்டு கொடுத்து, ஒரே ஓர் ஊடு நூலைப் பிடித்து மெல்ல இழுங்கள். துணி சுருங்கிச் சுருங்கி நூல் வெளியே வரும். அது விட்டுச்சென்ற இடைவெளி மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மீது கத்தரியுங்கள். நூல் அறுந்தால் அதுவரை வெட்டிவிட்டு, அடுத்த நூலைப் பிடித்துத் தொடருங்கள். மறுமுனையிலும் இதையே செய்த பின் துணியை இரண்டாக மடித்துக் கரையோடு கரை சேருங்கள். வெட்டிய விளிம்புகள் பொருந்தவில்லையென்றால் ஊடு நூல் சாய்ந்திருக்கிறது என்று பொருள். துணியை ஈரமாக்கி, குட்டையாக நிற்கும் மூலைகளை எதிரெதிராக இருவர் பிடித்து இழுத்து, நேரானதும் விரித்து உலர்த்தினால் பருத்தியும் லினனும் பெரும்பாலும் வழிக்கு வரும், பாலியெஸ்டர் வராது.

கட்டம் போட்ட துணியில் இன்னொரு எச்சரிக்கை தேவை. சாயமிட்ட நூலால் நெய்த கட்டங்கள் நூலோடு சேர்ந்தே ஓடும், அவற்றை நம்பி வெட்டலாம். மேலே அச்சிட்ட கட்டங்களுக்கு அந்த உறுதி இல்லை. நூலைப் பார்த்து வெட்டினால் கட்டம் சாயும், கட்டத்தைப் பார்த்து வெட்டினால் துணி முறுக்கும். வாங்கும்போதே துணியின் பின்பக்கத்தில் நூலையும் அச்சையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகாததை மேசைக்கு வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது.

நடுவில் ஒட்டுப்போடுவது

துணியின் அகலம் போதாவிட்டால் முழு அகலத் துண்டை நடுவில் வைத்து, குறைவதை இரு பக்கமும் சமமாகச் சேருங்கள்.

கரையை விட்டுவைப்பது

நெய்த கரை மற்ற பகுதியைவிட இறுக்கமானது. சலவைக்குப் பின் விளிம்பைச் சுருக்கி இழுக்கும். வெட்டி நீக்குங்கள்.

வட்ட விரிப்புக்கு அகல மடிப்பு

நேர்விளிம்பில் அழகாகப் படியும் 3 செ.மீ. மடிப்பு வட்டத்தில் படியாது. மடிக்கும்போது வெட்டு விளிம்பு, முன்பு இருந்ததைவிட மடிப்பின் இரு மடங்கு, அதாவது 6 செ.மீ., சிறிய ஆரமுள்ள வட்டத்தில் போய் அமர வேண்டியிருப்பதால், ஏறத்தாழ 38 செ.மீ. துணி மிஞ்சிக் கொசுவமாகும். ஒரு செ.மீ. மடிப்பே வட்டத்துக்குப் போதும். அதையும் தைக்கும் முன் விளிம்பில் நீளத் தையல் ஒன்று ஓட்டி, நூலை இலேசாக இழுத்துச் சுருக்கிக்கொள்ள வேண்டும். கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டிய பட்டி வைத்துத் தைப்பதையே நான் விரும்புகிறேன்.

மூலைகளில் துணியைக் குவிப்பது

இரண்டு மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தைத்தால் மூலை தடித்து, ஊசியும் தடுமாறும். மடிப்புக்கோடுகளை இஸ்திரியால் பதித்துவிட்டு விரித்து, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மூலையைக் குறுக்காக மடியுங்கள். விரிப்பின் வெளி விளிம்பாக அமையப்போகும் மடிப்புக்கோடுகள் சந்திக்கும் புள்ளியிலிருந்து, குறுக்கு மடிப்புக்குச் செங்குத்தாக விளிம்புவரை தைத்து, மிகுதியை அரை செ.மீ. விட்டு வெட்டிப் புரட்டினால் மூலை கூர்மையாகவும் தட்டையாகவும் அமையும். முதலில் ஒரு வெட்டுத்துண்டில் இதைச் செய்து பாருங்கள்.