டி செல்லில் ஒரு ஜீனை அடக்கணுமா? வைரஸுக்கு முன்னால் கன்ட்ரோலைத் தயார் செய்யுங்கள்

பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் பயோடெக் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குள் நுழையும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: டி செல் மாதிரி நோய் எதிர்ப்புச் செல்லில் ஒரு ஜீனை லென்டிவைரஸ் (எச்ஐவி வகை வைரஸை முடக்கிச் செய்த ஜீன் வண்டி) வைத்து அடக்குவது எப்படி? வைரஸ் தயாரிப்பது பழகினால் வந்துவிடும். வந்த முடிவு ஜீனால் வந்ததா, வைரஸால் வந்ததா என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம், அதற்குத்தான் கன்ட்ரோல் என்ற ஒப்பீட்டுச் செல்கள்.

அடிப்படை இதுதான். வைரஸ் சுமந்து வரும், கொண்டை ஊசி மாதிரி மடிந்த ஹேர்பின் ஆர்என்ஏவை டைசர் என்ற நொதி துண்டாக்கும், அந்தத் துண்டு தனக்குப் பொருந்தும் எம்ஆர்என்ஏவை (புரதம் செய்ய ஜீனிலிருந்து எடுத்த நகலை) தேடி வெட்ட வைக்கும். 1998-இல் ஃபயரும் மெல்லோவும் புழுவில் கண்டு சொன்ன ஆர்என்ஏ குறுக்கீடுதான், 2006-இல் நோபல் வாங்கியது. ஜீன் அழிவதில்லை, அதன் குரல் குறைகிறது, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். வேலை பிஎஸ்எல்-2 (இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்பு) அறையில் நடக்க வேண்டும். இந்த வைரஸ் தானாகப் பெருகாதுதான், ஆனால் கையில் ஊசி குத்தினால் உங்கள் செல்லின் டிஎன்ஏவிலும் போய் உட்காரும். புற்றுநோயைத் தடுக்கும் ஜீனை அடக்கும் வைரஸ் என்றால் இரட்டை எச்சரிக்கை வேண்டும்.

தயாரிப்பு: ஹெக் 293டி என்ற மனிதச் செல் வரிசைக்குள் ஹேர்பின் பிளாஸ்மிட் (பிளாஸ்மிட் என்பது வட்ட வடிவ டிஎன்ஏ), பேக்கேஜிங் பிளாஸ்மிட், உறைப்புரத பிளாஸ்மிட் மூன்றையும் சேர்த்து அனுப்பி, 48 மணி நேரத்திலும் 72 மணி நேரத்திலும் மீடியத்தை எடுத்து 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கி உறைய வைக்கும்போதும் வீரியம் குறையும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஐஸ் இல்லாமல் மேஜையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் அதுவும் நஷ்டம்தான்.

அப்புறம் செல். ஓய்வில் இருக்கும் டி செல்லுக்குள் விஎஸ்வி-ஜி என்ற உறைப்புரதம் போட்ட வைரஸ் எளிதில் நுழையாது, ஏனென்றால் அது பிடித்துக்கொள்ளும் எல்டிஎல் ரிசப்டர் என்ற செல் மேற்பரப்புப் புரதம் அங்கே குறைவு. சிடி3, சிடி28 ஆன்டிபாடியால் செல்லைத் தட்டி எழுப்பி, ஐஎல்-2 என்ற வளர்ச்சி சமிக்ஞைப் புரதம் கொடுத்த பிறகு வைரஸைச் சேருங்கள். மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்லில் தடை வேறு மாதிரி, எஸ்ஏஎம்எச்டி1 என்ற புரதம் டிஎன்ஏ கட்டத் தேவையான மூலப்பொருளையே குறைத்துவிடும், அதை விலக்க விபிஎக்ஸ் புரதத்தைச் சேர்ப்பார்கள். செல்லுக்கு ஒரு வைரஸ் என்று கணக்குப் போட்டால்கூட சுமார் 63 சதவீதம் செல்தான் மாட்டும். 0.3 என்று போட்டால் 26 சதவீதம், ஆனால் அதில் பெரும்பாலானவற்றில் ஒரே பிரதிதான் இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வைரஸில் பியூரோமைசின் என்ற மருந்தைத் தாங்கும் ஜீனும் இருந்தால், மாட்டாத செல்லை அந்த மருந்து கொன்றுவிடும், எவ்வளவு கொடுப்பது என்பதை வைரஸ் போடாத செல்லில் முன்பே பார்த்து வையுங்கள்.

இப்போது நான் ஏழு மாதம் இழந்த இடத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு ஹேர்பினை நம்பி வேலை செய்தேன், சைட்டோகைன் (நோய் எதிர்ப்புச் செல் வெளிவிடும் சமிக்ஞைப் புரதம்) அழகாக ஏறியது, எல்லோரிடமும் காட்டினேன். இரண்டாவது ஹேர்பின் போட்டபோது ஒன்றுமே ஏறவில்லை. முதல் ஹேர்பின் வேறு எதையோ தொட்டிருக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்லின் வேலையே வைரஸை மோப்பம் பிடிப்பது, வந்தது வெறும் வண்டிதான் என்று அதற்குத் தெரியுமா? வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனைக் கிளப்பிவிடும். அதனால் வைரஸே போடாத செல், எந்த ஜீனையும் தொடாத ஹேர்பின் போட்ட செல், உங்கள் ஜீனுக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி ஹேர்பின், இந்தக் கன்ட்ரோல்கள் எல்லாமே வேண்டும். ஓஏஎஸ்1 போன்ற, இன்டர்ஃபெரான் வந்தால் ஏறும் ஜீன் ஒன்றையும் கியூபிசிஆரில் (எம்ஆர்என்ஏ அளவை அளக்கும் முறை) கூடவே அளந்துவிடுங்கள். முடிந்தால் ஹேர்பினால் வெட்ட முடியாதபடி மாற்றிய அதே ஜீனைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், பழைய நிலை திரும்பினால் நம்பலாம்.

எம்ஆர்என்ஏ குறைந்ததும் சந்தோஷப்படாதீர்கள். பாளையங்கால்வாயில் மடையை அடைத்த மறுநாளே வயல் காய்ந்துவிடாது, தேங்கிய தண்ணீர் வற்ற நாளாகும். ஏற்கனவே இருக்கும் புரதமும் அப்படித்தான், சில புரதம் நாள்கணக்கில் நிற்கும். புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டிலோ ஃப்ளோ சைட்டோமெட்ரியிலோ அது இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த சோதனைக்குப் போங்கள்.

ஜர்கட் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் டி செல்) மாதிரி செல் வரிசை என்றால், பியூரோமைசின் போட்டுப் பிரித்த கையோடு சில குழாய் செல்லை உறைய வைத்துவிடுங்கள். நன்றாக அடங்கிய செல் மெதுவாக வளர்ந்தால், அரைகுறையாக அடங்கியவை சில வாரத்தில் அதை முந்திவிடும்.