பல்சுவை நிகழ்ச்சிக்கு வரிசை போடுவது எப்படி?

சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்துப் பொங்கல், தீபாவளிக் கலை நிகழ்ச்சிகளில் பல வருஷமாக மேடைப் பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது. இப்போதெல்லாம் அச்சடித்த மாதிரி சினிமாப் பாட்டுக்கு நான்கைந்து நடனம், நடுவில் பேச்சு, கடைசியில் அதிர்ஷ்டக் குலுக்கு. சனம் உட்கார்ந்திருப்பதே அந்தக் குலுக்குச் சீட்டுக்காகத்தான். இங்கே கலைஞர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. மிமிக்ரி செய்பவர், வில்லுப்பாட்டுக் குழு, மேஜிக் காட்டும் பையன், பறை அடிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் நம் பேட்டைகளிலேயே இருக்கிறார்கள். எதற்குப் பின் எது, நடுவில் மேடை எவ்வளவு நேரம் காலியாகக் கிடக்கிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்த வித்தையைப் பழைய ஆட்கள் ஏற்கெனவே கரைத்துக் குடித்துவிட்டார்கள். 1880களிலிருந்து 1930களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த வாடெவில் என்ற பல்சுவை மேடையில் முதல் ஐட்டத்துக்குப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. கரணம் போடுவார்கள், மிருகங்களை வைத்து வித்தை காட்டுவார்கள். ஆட்கள் அப்போதுதான் இடம் தேடி உட்காருகிறார்கள், வசனம் யார் காதில் விழும்? நட்சத்திரக் கலைஞர் கடைசிக்கு முந்தி வருவார். நியூயார்க்கில் 1913இல் திறந்த பேலஸ் அரங்கில் ஏறுவதுதான் அவர்களுக்கு உச்சம். அதுவே 1932இல் சினிமாக் கொட்டகையாகிவிட்டது. தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்திலும் கதாநாயகனான ராஜபார்ட்டுக்கு முன்னால் கோமாளியான பபூன் வந்துவிடுவார். சனத்தைச் சிரிக்கவைத்து உட்காரவைப்பது அவர் பொறுப்பு. சிங்கப்பூருக்கும் இது புதிதில்லை. ஜாலான் புசாரில் 1923இல் திறந்த நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம், கெத்தாய் என்ற சீனப் பாட்டு மேடை, குத்துச்சண்டை எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. இன்று அங்கே சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். இரண்டு மணிநேரம், பல்நோக்கு மண்டபம், திரை கிடையாது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எல்லா ஐட்டங்களையும் துண்டுத் தாள்களில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை மைக், தரையில் என்ன வேண்டும், முடிந்ததும் மேடையில் என்ன மிஞ்சும் என்று குறியுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். மேஜிக் பையன் போன பிறகு தரையெல்லாம் மினுமினுப்புத் தாளும் உடைந்த பலூனும் கிடக்கும். அதன்மேல் சலங்கை கட்டிய பிள்ளை வெறுங்காலோடு ஓடிவந்தால் வழுக்கிவிடும். அதனால் மேஜிக்குக்கு அடுத்து நடனம் வேண்டவே வேண்டாம்.

பிறகு துண்டுகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒரு மைக்கோடு மேடை விளிம்பில் நின்றே முடித்துவிடக்கூடியவை ஒன்று: மிமிக்ரி, நகைச்சுவைப் பேச்சு, தனிப்பாட்டு. முழு மேடையும் கேட்பவை மற்றொன்று. இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். வாடெவிலில் முன்திரைக்கு வெளியே ஒருவர் சிரிக்கவைத்துக்கொண்டிருக்க, உள்ளே அடுத்த காட்சிக்குச் சாமான் ஏறிக்கொண்டிருக்கும். நமக்குத் திரை இல்லாவிட்டால் என்ன, பின்பாதி விளக்கை அணைத்தால் போதும். வில்லுப்பாட்டுக்கு வில்லை அமைக்க வேண்டும், குடத்துக்குத் தாழ்வான ஸ்டாண்டில் ஒரு மைக், உடுக்கைக்கு இன்னொன்று, உட்கார ஜமுக்காளம். அவ்வளவையும் மிமிக்ரிக்காரர் முன்னால் பேசும்போதே கறுப்புச் சட்டை போட்ட இரண்டு தொண்டூழியர்கள் முடித்துவிடுவார்கள். யாருடைய சாமான் எங்கே என்று தரையில் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள், இருட்டிலும் கை தடுமாறாது.

நான் போடும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: பறை, தனிப்பாட்டு, குழு நடனம், மிமிக்ரி, வில்லுப்பாட்டு, நகைச்சுவைப் பேச்சு, மேஜிக், கடைசியாக உறுமி மேளம். அன்றைக்கு யாருக்குக் கைத்தட்டல் அதிகம் விழும் என்று நினைக்கிறீர்களோ அவரைக் கடைசிக்கு முந்தி வையுங்கள். இங்கே மேஜிக் பையன்தான் நட்சத்திரம்.

சிறப்பு விருந்தினர் விஷயம் தனி. அவர் எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு நிமிடத்தில் முடிக்கவும் எட்டு நிமிடம் இழுக்கவும் தெரிந்த ஒருவரைக் கையிருப்பில் வைத்திருங்கள். நகைச்சுவைப் பேச்சாளர்தான் இதற்குத் தோது. விருந்தினர் உரையைக் குழு நடனத்துக்குப் பின்னால் செருகுங்கள். நடனம் ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் படம் பிடித்த பூரிப்பில் இருப்பார்கள், பேச்சையும் பொறுமையாகக் கேட்பார்கள்.

நெறியாளர் ஒருவர் போதும். இரண்டு பேர் மாறி மாறி “இப்போது யார் வரப்போகிறார் தெரியுமா?” என்று கேட்பதை நான் ஒத்திகையிலேயே வெட்டிவிடுவேன். சீனர்கள் ஆவிகளுக்குப் படையல் வைக்கும் ஏழாம் மாதத்தில் ஒரு கெத்தாய் மேடையைப் போய்ப் பாருங்கள். முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் உட்காருங்கள், அவர்கள் பேசும் ஹொக்கியன் சீனம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கேலியும் கிண்டலும் எப்படி ஓடுகிறது என்று கவனித்தால் போதும்.

பாட்டுக் கோப்புகளை ஒரே மடிக்கணினியில் வரிசை எண் போட்டு ஏற்றுங்கள். கைப்பேசியிலிருந்துதான் போடுவேன் என்று யாராவது அடம்பிடித்தால் விமானப் பயன்முறையில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல்லவி நடுவில் அவர் மாமியார் கூப்பிடுவார்.

அனுமதி விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சமூக மன்றத்துக்குள் என்றால் அங்குள்ள இந்திய நற்பணிச் செயற்குழுவிடம் பேசுங்கள், கலை நிகழ்ச்சி உரிமம், பாட்டுகளுக்கான காப்புரிமை அனுமதி பற்றி அவர்கள் வழிகாட்டுவார்கள். அடுக்குமாடி புளோக்குக் கீழே என்றால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். கெத்தாயே இரவு 10.30க்கு ஓய்ந்துவிடுகிறது, நம் உறுமி அதற்கு முன்பே ஓய்ந்தால் நல்லது.

கலைஞர்களுக்கு நினைவுச் சின்னம் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். உறையில் சில வெள்ளி வையுங்கள், டாக்சிக் காசாவது தேறட்டும்.

சாப்பாட்டுக்காரரின் பெயரும் வரிசைத்தாளில் இருக்க வேண்டும். பிரியாணி மூடியை அவர் முன்கூட்டியே திறந்தால் எந்த நட்சத்திரமும் நிற்க முடியாது. உறுமி மேளம் மேடையிலிருந்து இறங்கி வாசல் பக்கம் நகரும்போது திறக்கச் சொல்லுங்கள்.