அழுகுணி ஆட்டம் ஆடாமல் சிறுவர் மர்ம நாவல் எழுதுவது எப்படி

என் முதல் நாவலைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திருப்பிக் கொடுத்தாள். "டீச்சர், இது அழுகுணி ஆட்டம். திருடன் கடைசி அத்தியாயத்துலதான் வர்றான். நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கப்புறம் ஆறு மர்ம நாவல்கள் எழுதிவிட்டேன். ஆறையும் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எழுதினேன்.

முதலில் திருடியவரின் கதையை எழுதி முடியுங்கள். எதை எடுத்தார், எதற்காக, எத்தனை மணிக்கு, எந்தச் சந்து வழியாகப் போனார், யாரிடம் என்ன பொய் சொன்னார் என்று எல்லாவற்றையும். இதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அது நிறையாமல் முதல் அத்தியாயத்தைத் தொடமாட்டேன். கொலை வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆட்டுக்குட்டி காணாமல் போனாலே தூக்கம் வராது.

அடுத்தது தடயம். இதில்தான் அதிக நாள் உட்கார வேண்டும். என் மூன்றாவது நாவலில் கோயில் உண்டியல் சாவி தொலைந்துபோகிறது. விசாரித்தபோது ஒருவர், "செவ்வாய்க்கிழமை காலையில தெருக்குழாயில தண்ணி பிடிச்சிட்டு இருந்தேன்" என்கிறார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுகிறார். ஆனால் அந்தத் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். கடைசியாக வந்தது ஞாயிற்றுக்கிழமை. இது இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது: ஞாயிறு சாயங்காலம் நாயகி பதினோரு குடம் சுமந்த கைவலியோடு வீட்டுப்பாடம் எழுதுகிறாள், எழுத்து கோணலாகப் போகிறதென்று அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள். படிக்கிறவர்கள் திட்டைத்தான் கவனிப்பார்கள். குடம் தூக்கிப் பழகிய பிள்ளை மட்டும் செவ்வாய்க்கிழமை என்றதும் நிமிர்ந்து உட்காரும்.

இதைத்தான் தேட வேண்டும்: பெரியவர்களுக்குத் தெரியாத, பிள்ளைகளின் அன்றாட வேலைக்குள் கிடக்கிற ஒரு விவரம். அதைச் சண்டை, சாப்பாடு, விளையாட்டு என்று வேறு ஏதாவது நடக்கும்போது போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். முக்கால் கதை முடிவதற்குள் எல்லாத் தடயமும் புத்தகத்தில் வந்திருக்க வேண்டும்.

கைப்பிரதி முடிந்ததும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். நூலகப் பாடவேளையில் நான் சத்தமாக வாசிப்பேன். கடைசி இரண்டு அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுப்பேன்: யார், எப்படித் தெரிந்தது? முப்பது பேரில் ஐந்தாறு பேர் காரணத்தோடு சரியாக எழுதினால் போதும். ஒருவரும் எழுதாவிட்டால் நான் எதையோ ஒளித்துவிட்டேன் என்று அர்த்தம். பாதிப்பேர் எழுதிவிட்டால் தடயத்தை இன்னும் இரண்டு அத்தியாயம் முன்னால் தள்ளுவேன்.

சரி, பணம். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். முதல் நாவலுக்கு எனக்குக் கிடைத்தது 25 பிரதிகளும் ஒரு வாய்வார்த்தையும்தான். 1930இல் அமெரிக்காவில் நான்ஸி ட்ரூ என்ற இளம்பெண் துப்பறியும் சிறுவர் நாவல் வரிசையின் முதல் புத்தகத்தை எழுதிய மில்ட்ரெட் பென்சனுக்கு 125 டாலர் கொடுத்து உரிமையை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். முதல் 30 புத்தகங்களில் 23 அவர் எழுதியவை. அட்டையில் இருந்ததோ கரோலின் கீன் என்ற புனைபெயர். அதைப் படித்த நாளிலிருந்து ஒப்பந்தம் இல்லாமல் நான் கைப்பிரதி கொடுப்பதில்லை.

நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படித்து வையுங்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என் ஐந்தாவது நாவல் ஒலிநூலாக வந்தபோது அந்த ஒரு வரியைக் காட்டித்தான் என் பங்கை வாங்கினேன்.