மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு கண் தெரியவில்லை என்றால்: கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியது

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஐசியூவில் இருந்தவர் கண் விழித்ததும் "லைட்ட போடுங்க, ஒண்ணும் தெரியல" என்றால், மயக்கத்தில் உளறுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கலாம். இதற்கு டெர்சன் சிண்ட்ரோம் என்று பெயர். வெளியே விழி வெள்ளையாக, எப்போதும் போலவே இருக்கும். அதனால்தான் பல நாள் யார் கண்ணிலும் படாமல் போகிறது. பிசியோதெரபிக்கு ஒத்துழைக்கவில்லை என்று பேர் வாங்குபவருக்கு உண்மையில் எதிரே நிற்பவரே தெரியாமல் இருக்கலாம்.

மண்டைக்குள் அழுத்தம் சட்டென ஏறும்போது, அது பார்வை நரம்பின் உறை வழியாகக் கண்ணின் பின்பக்கம் வரை வருகிறது. விழித்திரையிலிருந்து ரத்தம் வடிய வழியில்லாமல் தேங்கி, நுண்குழாய்கள் உடைகின்றன. அந்த ரத்தம் விழித்திரை மேலேயே தங்கலாம், கண்ணை நிரப்பியிருக்கும் ஜெல்லுக்குள்ளும் இறங்கலாம். நினைவு ஆழமாகத் தப்பியிருந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

சொன்னால் புரியும் நிலைக்கு வந்ததும், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடி, மற்ற கண்ணுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கையை ஆட்டிக் காட்டுங்கள். அதுவும் தெரியாவிட்டால் டார்ச்சை மேல், கீழ், இடம், வலம் என்று பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மட்டும் மறைகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் மூளையில்தான். எதுவானாலும் தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தலை சிடி ஸ்கேனில் ஒன்றும் சொல்லவில்லை என்பதை வைத்துக் கண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

டிஸ்சார்ஜுக்கு முன்பே ரெட்டினா பரிசோதனை கேளுங்கள். சொட்டு மருந்து விட்டால் கண்ணின் பாப்பா (கருவிழி நடுவில் உள்ள துளை) விரியும். மூளை நிலையை அறிய நர்ஸ்கள் பார்ப்பதும் அதே பாப்பாவைத்தான். அதனால் நியூரோ டாக்டர் சம்மதித்து, எந்தக் கண்ணில் எத்தனை மணிக்கு விட்டது என்பது கேஸ் ஷீட்டில் ஏறிய பிறகே விட வேண்டும். ரத்தம் மறைத்து உள்ளே தெரியாவிட்டால், மூடிய இமை மேல் வைத்து பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்து விழித்திரை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சென்னை ஜி.எச்.சில் சேர்ந்தவர்களுக்கு, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கம்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஃபிலிம், மருந்துச் சீட்டு, வெடித்த ரத்தக்குழாயை அடைக்க வைத்தது கிளிப்பா காயிலா என்ற விவரம் நான்கும் கையில் இருக்கட்டும்.

ரத்தம் பல மாதங்களில் தானே கரையலாம். ஒரு கண் மட்டும் என்றால் சுமார் 3 மாதம் வரை பொறுத்துப் பார்ப்பது வழக்கம். இரண்டு கண்ணும் அடைபட்டிருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ, விழித்திரை பிரிந்திருந்தாலோ விட்ரெக்டமி ஆபரேஷன் (ரத்தம் கலந்த ஜெல்லை வெளியே எடுப்பது) சீக்கிரமே தேவைப்படும். மூளை ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் 'ரத்தம் கசியுதே' என்று, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் மூளையில் அடைப்பு வரலாம். அந்த முடிவு நியூரோ டாக்டருடையது. சொட்டு மருந்து எதுவும் ரத்தத்தைக் கரைக்காது.

காத்திருக்கும்போது மின்னல் வெட்டுவது போலவோ, திரை இறங்குவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனை. பயங்கரத் தலைவலியும் வாந்தியும் வந்தால் கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் 108.

ஆபரேஷனில் கண்ணுக்குள் கேஸ் (வாயு) நிரப்பினார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அது கரையும் வரை விமானத்தில் போகக் கூடாது; வேறு ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அந்த கேஸ் விரிந்து கண் அழுத்தம் எகிறிவிடும்.