லா லிகா புள்ளிப்பட்டியலைப் பார்க்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்த்துப் பழகியவர்கள் ஸ்பெயினின் கால்பந்து லீக்கான லா லிகாவுக்கு வந்ததும் முதலில் சறுக்கும் இடம் புள்ளிப்பட்டியல்தான். இரண்டு அணிகள் சம புள்ளியில் முடித்தால், கண் தானாகக் கோல் வித்தியாசத்துக்கு, அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்குக்கு, போகும். லா லிகாவில் அந்த இரு அணிகளும் தங்களுக்குள் மோதிய இரண்டு ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

2006-07 பருவத்தில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டுமே 76 புள்ளிகள். கோல் வித்தியாசம் பார்சிலோனாவுக்கு 45, ரியலுக்கு 26. ஆனாலும் கோப்பை ரியலுக்குத்தான் போனது. சொந்த மைதானத்தில் பார்சிலோனாவை 2-0 என்று வென்றிருந்தார்கள். பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நௌவில் மெஸ்ஸி மூன்று கோல் அடித்தும் ஆட்டம் 3-3 சமன். அந்த மூன்றாவது கோல் கடைசி நிமிடத்தில் வந்தது, அப்படியும் போதவில்லை.

2013-14 பருவத்தின் கடைசி ஆட்டத்தையும் இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அட்லெட்டிகோ மாட்ரிட் மூன்று புள்ளி முன்னிலையோடு கேம்ப் நௌவுக்கு வந்தது. முதல் மோதல் 0-0. பார்சிலோனா ஒரு கோலில் ஜெயித்திருந்தாலும் புள்ளி சமமாகி, கோப்பை கைமாறியிருக்கும். அட்லெட்டிகோ வீரர் கோடினின் தலையடி கோல் 1-1 ஆக்கி அதைத் தடுத்தது. லா லிகா என்றால் ரியல், பார்சிலோனா என்ற இரண்டே அணிகள் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். வலென்சியாவும் 2002, 2004-இல் பட்டம் வென்றது.

பருவத்தின் நடுவில் இன்னொரு குழப்பம் வரும். இரு அணிகளும் தங்களுக்குள் ஒரு ஆட்டம்தான் முடித்திருந்தால், அதுவரை கோல் வித்தியாசப்படிதான் வரிசை. ஆக, ஜனவரிப் பட்டியலை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்.

அப்புறம், அட்லெட்டிகோவையும் பில்பாவோவின் அத்லெடிக்கையும் குழப்பாதீர்கள். அட்லெட்டிகோவை 1903-இல் தொடங்கியதே வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதி மாணவர்கள்தான், பில்பாவோ அணியின் கிளையாக. ஆனால் பாஸ்க் மண்ணில் பிறந்த அல்லது அங்கே ஆடி வளர்ந்த வீரர்களை மட்டும் சேர்ப்பது பில்பாவோ. அந்தக் கட்டுப்பாட்டோடும், 1929-இல் லீக் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட இரண்டாம் பிரிவுக்கு இறங்காத மூன்று அணிகளில் அதுவும் ஒன்று. எனக்கு லா லிகாவில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.