எம்சிபி காப்பது வயரை, ஆர்சிசிபி காப்பது உயிரை: வீட்டு வயரிங்கில் கவனிக்க வேண்டியவை

சென்ற ஐப்பசி மழையின்போது என் சித்தப்பா வீட்டில் குளியலறைக் குழாயைத் தொட்டாலே சுருக்கென்று ஷாக் அடிப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது, கீசருக்குள் இருந்த ஹீட்டர் சுருளின் உறை வெடித்து, தண்ணீர் வழியாகவும் கீசரின் உடல் வழியாகவும் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஆறு எம்சிபி-கள் (தானாகவே அணையும் பாதுகாப்பு சுவிட்சுகள்) வரிசையாக இருந்தும் அவற்றில் ஒன்றுகூட விழவில்லை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. "எம்சிபி போட்டிருக்கிறோமே, அது ஏன் விழவில்லை?" என்று சித்தி கேட்டார். பலருடைய வீட்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

எம்சிபி இரண்டு வேலைகளைச் செய்கிறது. வயர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி நெடுநேரம் மின்னோட்டம் சென்றால், உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். மின்சாரம் வரும் பேஸ் வயரும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் நேரடியாக முட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் காந்தச் சுருள் கண நேரத்தில் துண்டிக்கும். இரண்டும் வயரையும், வயர் வழியாக வரும் தீயையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. மனித உடலில் சுமார் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகிக் கையை விடுவிக்க முடியாமல் போகலாம். 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியர் வரை இயல்பான சுமை என்று கருதிப் பேசாமல் இருக்கும் கருவி. ஆகவே ஒருவர் ஷாக்கில் மாட்டிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

"எர்த் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். சித்தப்பா வீட்டிலும் எர்த் இருந்தது. பல ஆண்டுகளாகத் தண்ணீர் காணாத எர்த் குழி. அத்தகைய குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியாகப் பாயக்கூடியது அதிகபட்சம் 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி, அதன் அளவைப் போல 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே தரநிர்ணயம். 'சி' வகை எம்சிபி உடனடியாக விழுவதற்கோ 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. ஆக, கீசரின் உடலில் ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் நின்றுகொண்டிருக்க, எம்சிபி ஒரு மணி நேரம் வரையோ அதற்கு மேலோ விழாமலே இருக்கக்கூடும். அதற்குள் யாராவது குளிக்கப் போகாமலா இருப்பார்கள்?

இந்த இடைவெளியை அடைப்பதுதான், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சான ஆர்சிசிபி. பேஸ் வழியாகப் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்பதை அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். திரும்பி வருவதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் எங்கோ கசிகிறது என்று கண்டு, 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். கசிவு அதிகமானால் இன்னும் விரைவாகத் துண்டிக்கும். மேலே சொன்ன அதே 10 ஓம் எர்த் குழியோடு ஆர்சிசிபி-யும் இருந்திருந்தால், சுருள் வெடித்த மாத்திரத்திலேயே, எவரும் தொடுவதற்கு முன்பே, மின்சாரம் நின்றிருக்கும். எர்த் இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால், ஒருவர் தொட்டு, ஷாக்கை உணர்ந்த பிறகுதான் அது விழும். ஆகவே இரண்டும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்றைக் கைவிடக் கூடாது.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதையும், ஐஎஸ் 12640 என்ற எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை இருப்பதையும் பாருங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, ஷாக்கிலிருந்து மனிதரைக் காக்கப் போதாதவை. ஒரு பேஸ் இணைப்புக்கு இரண்டு 'போல்' (துண்டிக்கும் முனை), மூன்று பேஸ் இணைப்புக்கு நான்கு 'போல்' கொண்டது தேவை. இன்வெர்ட்டர் ஏசி, புதிய வகை வாஷிங் மெஷின் உள்ள வீடுகளுக்கு 'AC' என்று குறித்த வகையைவிட 'A' என்று குறித்த வகை ஆர்சிசிபி பொருத்தமானது. கையில் பணம் இருந்தால் வீடு முழுவதற்கும் ஒன்றை மாட்டுவதைவிட, குளியலறை, சமையலறை வரிசைகளுக்கு (வரிசை என்பது ஓர் எம்சிபி-யிலிருந்து பிரிந்து போகும் வயர் தடம்) தனியாகவும் மற்றவற்றுக்குத் தனியாகவும் மாட்டுவது நல்லது. ஓரிடத்துக் கசிவு வீட்டையே இருட்டாக்காது.

நம் ஊரில் ஆர்சிசிபி மாட்டிய பல வீடுகளில், ஓரிரு மாதத்திலேயே அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் யுபிஎஸ் இன்வெர்ட்டர்தான். இன்வெர்ட்டர் வரிசையின் பேஸைத் தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் மற்ற வரிசைகளின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டால், போனதும் திரும்பி வருவதும் ஒத்துப்போகாமல் ஆர்சிசிபி அடிக்கடி விழும். கருவியைக் குறை சொல்லாமல், இன்வெர்ட்டருக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். வீடு கட்டும்போதே சொல்லிவிட்டால் இதற்குச் செலவு மிகக் குறைவு.

மழைக்காலத்தில் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தால், எல்லா எம்சிபி-களையும் அணைத்துவிட்டு, ஆர்சிசிபி-யை மட்டும் ஏற்றுங்கள். அது நின்றால் எம்சிபி-களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, கோளாறு அந்த வரிசையில் இருக்கிறது. பிறகு அந்த வரிசையின் பிளக்குகளையெல்லாம் உருவிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகினால் பழுதான பொருள் தெரிந்துவிடும். கேட் விளக்கும் மொட்டைமாடி பாயிண்ட்டும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. எம்சிபி-கள் அனைத்தும் அணைந்திருந்தும் விழுகிறது என்றால், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒற்றை 'போல்' எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை என்பதால் இந்தக் கோளாறு மறைந்தே இருக்கும். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இனி வயர். விளக்கு, மின்விசிறி வரிசைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி-யும், பவர் பாயிண்ட்டுக்கு 2.5 வயரும் 16 ஆம்பியரும், ஏசிக்கு 4 வயரும் 20 ஆம்பியரும் என்று வைத்துக்கொள்ளலாம். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே 8.7 ஆம்பியர் இழுக்கும்; அதோடு 3,000 வாட் கீசரையும் ஒரே வரிசையில் கோத்தால் 21 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஆகவே கீசருக்கும் ஏசிக்கும் அடுப்புக்கும் தனித்தனி வரிசை கேளுங்கள்.

எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16-ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டுவது, பழைய பியூஸ் கேரியரில் நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டுவதற்குச் சமம். அப்படி மாற்றப்பட்ட ஒரு சமையலறை சுவிட்ச் போர்டை நான் மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். சிவப்பு வயரின் உறை பழுப்பேறி, விரலால் தொட்டதும் முறுக்கு போல நொறுங்கி விழுந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. சாக்கெட்டின் பின்புறம் உருகி மெழுகு போல வழிந்து உறைந்திருந்தது. அந்த வீட்டார் சில வாரங்களாகவே மீன் கருகுவது போன்ற வாடை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சைவச் சமையலறையில் அந்த வாடை வந்தால் காரணம் அடுப்பில் இல்லை. சூடேறும் பிளாஸ்டிக் சில வேளைகளில் அப்படித்தான் நாறும்; உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எம்சிபி-யும் ஆர்சிசிபி-யும் கண்டுபிடிக்காத ஆபத்து ஒன்று உண்டு: தளர்ந்த திருகு. சரியான அளவு மின்னோட்டமே ஓடினாலும், தளர்ந்த முனையில் வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை டிபி பாக்ஸின் திருகுகளையும் பவர் பாயிண்ட்டுகளின் திருகுகளையும் எலக்ட்ரீஷியனை வைத்து இறுக்கச் சொல்லுங்கள். அவர் வந்திருக்கும்போதே சுவிட்சுகள் பேஸில்தான் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் பல்பு ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

நீங்களே செய்ய வேண்டியவை சில உள்ளன. மாதம் ஒருமுறை ஆர்சிசிபி-யில் உள்ள 'டி' பொத்தானை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த்தின் தடையைக் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும், வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். டெஸ்டரை நம்புவதற்கு முன், மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பாயிண்ட்டில் அது எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் மின்வாரிய பியூஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் மின்சாரத்தை அணைக்க உங்களிடம் எந்த வழியும் இல்லை.

புது வீடாக இருந்தால், பூச்சு வேலைக்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரிலும் பைப் போகும் தடத்தை டேப் வைத்து அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்பதைத் தமிழில் எழுதி டிபி பாக்ஸின் கதவுக்குள் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள பாட்டியும் பிள்ளைகளும் படிக்கும்படி, பெரிய எழுத்தில்.