புளியங்கொட்டைக் கணக்கு

காலை ஏழேகாலுக்கு வேன் ஹாரன் கேட்டாலே மகளுக்கு வயிறு வலிக்கும். பொங்கல் விடுமுறை முடிந்தும் யு.கே.ஜி.க்கு அவளை அனுப்பவில்லை. "ஊர் என்ன சொல்லும்?" என்றார் மாமியார். ஊர் கிடக்கட்டும், சட்டம் என்ன சொல்லுமோ என்றுதான் எனக்குப் பயம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அவளுக்கோ ஐந்தேகால்தான்.

முதல் தவறு என்னுடையது. வீட்டிலேயே பள்ளி நடத்தினேன்: காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை மேசை, கரும்பலகை. மணி அடிக்காததுதான் குறை. பத்தே நாளில் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

மாசி பிறந்ததும் பாலக்கோட்டில் எங்கள் தெருத் திண்ணைகளில் புளி தட்ட உட்கார்ந்துவிடுவார்கள். மாமியார் தட்டத் தட்ட, தெறித்த கொட்டைகளைப் பொறுக்கி மகள் பத்துப் பத்தாகக் குவித்தாள். மூன்று குவியல், மிச்சம் நான்கு. "முப்பத்து நாலு, ஆயா!" மேசையில் நான் மல்லுக்கட்டியும் வராத கணக்கு அது. மறுநாளே மேசையை மூலையில் போட்டேன். காலையில் நாற்பது நிமிடம் எழுத்து, அவ்வளவுதான். வாசிப்புக்கு பஸ் நிலையத்து ஊர்ப் பலகைகள். பென்னாகரத்தைப் 'பெண்ணாகரம்' என்று படித்து, நடத்துநரையே சிரிக்க வைத்தாள்.

தொடர்ந்து வீட்டிலேயே படிக்கட்டும் என்றும் யோசித்தேன். பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத 14 வயதாக வேண்டும். அதுவரை தனியாக இழுக்க எனக்குத் தெம்பில்லை. அவளும் விளையாட ஆள் கேட்டாள். ஜூனில், நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். பையில் ஒரு பிடி புளியங்கொட்டையும் போகிறது.